அமெரிக்க நர்ஸ் வேலை: ஸ்பான்சர் கிடைத்த பிறகும் பன்னிரண்டு ஆண்டு ஏன்?

குவைத்தில் ஒரே வார்டில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பிறந்தது யாழ்ப்பாணத்தில், மற்றவர் தூத்துக்குடியில். இருவரும் ஒரே ஆண்டில், அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதித் தேறுகிறார்கள். டெக்சாஸில் ஒரே மருத்துவமனை, ஒரே நாளில், இருவருக்கும் கிரீன் கார்டு மனு போடுகிறது. யாருக்கு எப்போது விசா?

எந்த வரிசையில் எந்தத் தேதிவரை விசா என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் அறிவிக்கும் விசா புல்லட்டினில், 2024 அக்டோபர் மாதத்தைப் பார்த்தால் விடை தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர் நிற்கும் பொது வரிசையில், 2022 நவம்பர் 15-க்கு முன் மனு போட்டவர்களுக்கு அந்த மாதம் விசா கொடுத்தார்கள். தூத்துக்குடிக்காரர் நிற்கும் இந்திய வரிசையில் அந்தத் தேதி 2012 நவம்பர் 1. முன்னவருக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்பு, பின்னவருக்குப் பன்னிரண்டு. படிப்பு, அனுபவம், சம்பளம் எதிலும் வித்தியாசமில்லை. பிறந்த ஊர்தான் வேறு.

ஆஃபர் லெட்டர் கையில் வந்ததும் பாதி வேலை முடிந்துவிட்டது என்றுதான் நம் ஊரில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவருக்கு அந்தக் கடிதத்தைவிடப் பெரிய சொத்து ஒன்று இருக்கிறது. அது பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம்பிடித்த தேதி. இந்தத் தேதி எப்படிக் கிடைக்கிறது, எப்படித் தக்கவைப்பது, எதில் வீணாகிறது என்று தெரிந்தால் மற்றவை எல்லாம் காகித வேலைதான்.

நர்ஸுக்கு ஏன் ஒர்க் விசா இல்லை

ஐடி துறையினர் போகும் எச்-1பி விசாவில் நர்ஸும் போகலாமே என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. பட்டப்படிப்பு கட்டாயமாகத் தேவைப்படும் வேலைக்குத்தான் எச்-1பி. அமெரிக்காவிலோ இரண்டு வருட அசோசியேட் படிப்பு முடித்தவரும் பதிவு பெற்ற நர்ஸ் ஆகலாம். அதனால் சாதாரண வார்டு நர்ஸ் வேலை அந்த வரையறைக்குள் வருவதில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற மேல்நிலைப் பணிகளுக்கு மட்டும் அந்த வழி உண்டு.

நர்ஸுக்கென்றே தனி விசா முன்பு இல்லாமலும் இல்லை. 1989-ல் சட்டம் போட்டு எச்-1ஏ கொண்டுவந்தார்கள். 1995-ல் அது முடிந்தது. 1999-ல் வந்த எச்-1சி ஆண்டுக்கு வெறும் 500 பேருக்கு, அதுவும் பற்றாக்குறைப் பகுதி மருத்துவமனைகளுக்கு மட்டும். 2009 டிசம்பரோடு அதுவும் காலாவதி. இன்று மிச்சம் இருப்பது நேரடியாகக் கிரீன் கார்டு, அதாவது வேலைவாய்ப்பு வழிக் கிரீன் கார்டில் மூன்றாவதான இபி-3 பிரிவு. எனவே "ஆறு மாதத்தில் ஒர்க் விசா, பிறகு அங்கே போய் கிரீன் கார்டு" என்று யாராவது இந்திய நர்ஸிடம் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்

கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகள் பொதுவாக முதலில் விளம்பரம் கொடுத்து, உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் நிரூபிக்க வேண்டும். நர்ஸுக்கு அது வேண்டாம். ஷெட்யூல் ஏ என்ற பட்டியலில் பதிவு பெற்ற நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். இவர்களுக்குப் பற்றாக்குறை இருப்பதாக அரசே முன்கூட்டி ஒப்புக்கொண்டுவிட்டது என்பதுதான் அதன் பொருள். வேலை கொடுப்பவர் நேராகக் குடியேற்றத் துறைக்கு ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவை அனுப்பலாம்.

அதற்கு முன் இரண்டு வேலைகள். ஒன்று, அந்த ஊரில் அந்த வேலைக்கு நடப்புச் சம்பளம் என்ன என்று தொழிலாளர் துறையிடம் எழுதி வாங்குவது. இதற்கே பல மாதம் ஆகும். வாங்கியபின் அதற்குக் குறையாத சம்பளம் தர ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இப்படி ஒருவருக்கு மனு போடப்போகிறோம் என்று வேலை நடக்கும் இடத்தில் நோட்டீஸ் ஒட்டுவது. தொடர்ச்சியாக 10 வேலை நாள் அது சுவரில் இருக்க வேண்டும். மனு போடும் நாளுக்கு முந்தைய 30 முதல் 180 நாளுக்குள் அந்தப் பத்து நாளும் அடங்க வேண்டும். சம்பளம் அதில் எழுதியிருக்க வேண்டும். தொழிற்சங்கம் இருந்தால் அதற்கும் தகவல் போக வேண்டும்.

கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் மனுக்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இந்த நோட்டீஸ்தான். நடுவில் வந்த அரசு விடுமுறையை வேலை நாளாக எண்ணிவிடுவார்கள். முப்பது நாள் முடியும் முன்பே மனுவை அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனைகளுக்கு ஆள் அனுப்பும் ஸ்டாஃபிங் ஏஜென்சி என்றால் நர்ஸ் வேலை பார்க்கப்போகும் மருத்துவமனையில் ஒட்டாமல் தங்கள் ஆபீஸில் ஒட்டிவிட்டு விடுவார்கள். இந்தப் பிழைகளைப் பின்னால் சரிசெய்ய முடியாது. நோட்டீஸை மறுபடி ஒட்டி, புதிதாக மனு போட வேண்டும், பிரையாரிட்டி டேட்டும் புதிதாகிவிடும். அடுத்த சிக்கல், சம்பளம் கொடுக்கும் வசதி. மனு போட்ட நாளிலிருந்து நர்ஸுக்குக் கிரீன் கார்டு கிடைக்கும் நாள் வரை அந்தச் சம்பளத்தைத் தரும் நிதிநிலை இருப்பதாகக் காட்ட வேண்டும். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் மருத்துவமனைக்கு நிதி அதிகாரியின் கடிதமே போதுமானதாகிவிடலாம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நர்ஸ்களுக்கு மனு போடும் சிறு ஏஜென்சிக்கு அது அவ்வளவு எளிதல்ல. அத்தனை பேருக்கும் சேர்த்துக் கணக்குக் காட்டச் சொல்வார்கள்.

ஷெட்யூல் ஏ மனுவில் பிரையாரிட்டி டேட் என்பது குடியேற்றத் துறை ஐ-140-ஐ முறையாகப் பெற்றுக்கொண்ட தேதி. ஆஃபர் லெட்டர் வந்த தேதியோ, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தேதியோ, மனுவுக்கு ஒப்புதல் கிடைத்த தேதியோ அல்ல. "உங்கள் ஃபைலை ஓப்பன் பண்ணிவிட்டோம்" என்று ஏஜென்சி சொல்வதற்கு மதிப்பு எதுவும் கிடையாது. ஐ-797 என்ற ரசீது நோட்டீஸின் நகல் கையில் வரும்வரை வரிசையில் இடம் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நர்ஸ் பக்கம்: தேர்வும் பெயரும்

மனுவோடு நர்ஸ் தரப்பில் மூன்றில் ஒன்று வேண்டும்: வேலை பார்க்கப்போகும் மாநிலத்தின் முழு லைசென்ஸ், அல்லது என்கிளெக்ஸ்-ஆர்என் தேறிய சான்று, அல்லது வெளிநாட்டு நர்ஸ்களின் தகுதியைச் சரிபார்க்கும் சிஜிஎஃப்என்எஸ் அமைப்பின் சான்றிதழ். நடைமுறையில் என்கிளெக்ஸ்தான் ராஜபாட்டை. சென்னையிலேயே எழுதலாம். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் 150 டாலரும் வரியும் கூடுதல். 2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில் குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. நன்றாக எழுதுபவருக்கும் மோசமாக எழுதுபவருக்கும் 85-லேயே நின்றுவிடலாம். கணினி ஒரு முடிவுக்கு வந்துவிட்டது என்பதற்கு மேல் அதில் சகுனம் பார்க்க ஒன்றுமில்லை. தோற்றால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி.

நம் நர்ஸ்கள் இதில் தடுமாறுவது மருந்துப் பெயரிலோ உடற்கூறிலோ அல்ல. மூன்று நோயாளிகளைக் கொடுத்து யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்பார்கள். ஆபரேஷன் முடிந்து மறுநாள் வலி பத்துக்கு ஆறு என்று சொல்பவர். சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள, ஆக்சிஜன் அளவு 90 காட்டும் முதியவர். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தலைவலி என்பவர். எண்ணைப் பார்த்துப் பழகிய கண் 90-க்கு ஓடும். சிஓபிடி நோயாளிக்கு அது எதிர்பார்க்கக்கூடிய அளவுதான். மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம் என்பதால் முதலில் போக வேண்டியது தலைவலிக்காரரிடம். உதவியாளரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது என்பதும் அப்படியே. டாக்டர் ரவுண்ட்ஸில் சொன்னதைச் செய்தே பழகியவர்களுக்கு, தானே முடிவெடுக்கும் இந்தக் கேள்விகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசு தரும் அடையாள எண்) கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நியூயார்க் போன்ற மாநிலங்கள் அது இல்லாமலும் தேர்வுக்கு அனுமதிக்கின்றன. ஒரு மாநிலத்தில் தேறிய தேர்வு எல்லா மாநிலத்துக்கும் செல்லும். லைசென்ஸைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

ஜிஎன்எம் (பொது நர்சிங், மகப்பேறு) டிப்ளமோ போதுமா? மூன்று வருட ஜிஎன்எம் முடித்து, நர்சிங் கவுன்சிலில் ஆர்என் ஆர்எம் (நர்ஸ், மிட்வைஃப்) பதிவு இருந்தால் வழி உண்டு. இபி-3 பிரிவில் பட்டதாரிகளுக்கு ஒரு கிளையும், குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி தேவைப்படும் வேலைக்கு இன்னொரு கிளையும் இருக்கின்றன. மருத்துவமனை தன் வேலைக்கான தகுதியை எப்படி எழுதுகிறது என்பதைப் பொறுத்தது அது. "பி.எஸ்சி. கட்டாயம்" என்று மனுவில் எழுதிவிட்டு ஜிஎன்எம் படித்தவருக்குப் போட்டால் நிராகரிப்பு நிச்சயம். ஏஎன்எம் (துணை நர்ஸ்) படிப்புக்கு இந்த வழியே கிடையாது. படிப்பில் மெடிக்கல்-சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகிய நான்கிலும் வகுப்பு நேரமும் கிளினிக்கல் நேரமும் இருந்ததாகக் கல்லூரி காட்ட வேண்டும். மனநலப் போஸ்டிங்கை மதிப்பெண் பட்டியலில் தனியாகக் காட்டாத பழைய கல்லூரிகளில் படித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். இந்த ஆவணங்களைக் கல்லூரியும் கவுன்சிலும் நேரடியாக அனுப்ப வேண்டும். உங்கள் கையால் பிரித்த உறைக்கு மதிப்பில்லை.

அடுத்தது தமிழர்களுக்கென்றே வாய்த்த தலைவலி: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "செ. மலர்விழி". பட்டத்தில் "மலர்விழி எஸ்". கவுன்சில் பதிவில் "எஸ். மலர்விழி". பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "மலர்விழி செல்வம்". கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த பாஸ்போர்ட்டில் "மலர்விழி குமார்". நமக்கு இது ஒரே ஆள். சான்று சரிபார்க்கும் கணினிக்கு ஐந்து ஆள். என்கிளெக்ஸ் மையத்தில் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள், கட்டணமும் போகும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தாலோ, அமெரிக்க விசாவில் கொடுக்கப்பட்ட பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று விழும், "முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் சுருக்கம். அந்த மூன்றெழுத்து பின்னால் வங்கி, லைசென்ஸ், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு வரும். எனவே முதல் விண்ணப்பம் போடும் முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, பெயரைப் பிரித்து எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் அந்த ஒரே பெயரைப் பயன்படுத்துவதுதான் வழி. பழைய சான்றிதழ்களுக்கு "இவரும் அவரும் ஒருவரே" என்ற அஃபிடவிட் துணைக்கு இருக்கட்டும்.

வரிசை எப்படி நகர்கிறது

வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு என்பது சட்டத்தில் உள்ள எண். அதில் 28.6 சதவீதம், அதாவது சுமார் 40,000, இபி-3-க்கு. இதில் கணவன், மனைவி, குழந்தைகளும் எண்ணப்படுவார்கள். கணவரும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒரு நர்ஸ் நான்கு எண்களைச் சாப்பிடுகிறார். எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பும் உண்டு. கணக்குப் போட்டால் இபி-3-ல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,800. மற்ற நாடுகள் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்தால்தான் அதற்கு மேல். அந்த 2,800-ம் நர்ஸுக்கு மட்டுமல்ல. எச்-1பி-யில் அங்கேயே இருக்கும் மென்பொருள் துறையினரும் இதே வரிசையில்தான் நிற்கிறார்கள். நர்ஸ் பற்றாக்குறை என்று அரசே ஒப்புக்கொண்டிருந்தும், வரிசையில் நர்ஸுக்கு முன்னுரிமை கிடையாது. ஷெட்யூல் ஏ தருவது விளம்பர விலக்கு மட்டும்தான். இந்த அமைப்பிலேயே எனக்குப் புரிந்துகொள்ளக் கடினமாக இருப்பது இதுதான்: தேவை அதிகம் என்று சட்டம் சொல்லும் ஆளையும், அப்படிச் சொல்லாத ஆளையும் ஒரே க்யூவில் நிறுத்துவது. 2005-ல் ஒருமுறை மட்டும், முந்தைய ஆண்டுகளில் வீணான 50,000 எண்களை எடுத்து ஷெட்யூல் ஏ தொழில்களுக்கென்று ஒதுக்கினார்கள். அது தீர்ந்தபின் அப்படி மறுபடி நடக்கவில்லை.

வரிசை சீராகவும் நகராது. கொரோனா காலத்தில் குடும்ப விசாக்கள் முடங்கியதால் மிச்சமான எண்கள் வேலைவாய்ப்புப் பக்கம் வந்து, 2021 நிதியாண்டில் மொத்தம் 2,62,000-ஐத் தாண்டியது. 2021 அக்டோபரில் இந்திய இபி-3 தேதி 2014 ஜனவரி 1 வரை ஓடியது. அடுத்த மாதமே 2012 ஜனவரிக்குப் பின்வாங்கியது. அந்தச் சில மாதங்களில் காகிதம் எல்லாம் தயாராக வைத்திருந்தவர்களே பயன்பெற்றார்கள். நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிவதால், ஆகஸ்ட், செப்டம்பரில் எண்கள் தீர்ந்துபோவதும் உண்டு. நேர்காணல் முடிந்தவரும் அப்போது அக்டோபர் வரை காத்திருக்க நேரும்.

பிறந்த ஊர் என்ற விதிவிலக்கு

குடியுரிமை அல்ல, பிறந்த நாடுதான் கணக்கு என்பதில் பலருக்குத் தெரியாத ஒரு சாதகம் இருக்கிறது. நர்ஸ் இந்தியாவில் பிறந்திருந்தாலும், உடன் வரும் கணவர் வேறு நாட்டில் பிறந்திருந்தால் கணவர் பிறந்த நாட்டு வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். கணவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் பரவாயில்லை. வளைகுடாவில் அப்பா வேலை பார்த்தபோது அங்கே பிறந்தவர்கள் நாகர்கோவில் முதல் ராமநாதபுரம் வரை இன்று எத்தனையோ பேர். குவைத்திலோ மஸ்கட்டிலோ பிறந்த ஒரு மாப்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் ஒரு நர்ஸின் காத்திருப்பில் பத்தாண்டைக் குறைக்கும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் பிறந்தவர்களுக்கும் அதுவே. ஆனால் கணவரும் கூடவே குடியேற வேண்டும். அவர் பின்னால் வருவார் என்று சொல்லி நர்ஸ் மட்டும் முதலில் அவர் வரிசையில் போக முடியாது. பிள்ளை பிறந்த நாட்டை வைத்துப் பெற்றோர் போகவும் முடியாது.

இதன் மறுபக்கம்: இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குத் தமிழ்நாட்டு முகாமில் பிறந்தவர், இலங்கைப் பாஸ்போர்ட் எடுத்திருந்தாலும் பொதுவாக இந்திய வரிசையில்தான் வருவார். பெற்றோர் இருவரும் பிறக்காத, குடியிருக்காத நாட்டில் பிறந்தவருக்கு ஒரு விலக்கு சட்டத்தில் உண்டு. முகாம் வாழ்க்கை "குடியிருப்பு" ஆகுமா என்பது வழக்கறிஞர் வாதாட வேண்டிய விஷயம். ஏஜென்சி மேஜையில் தீராது.

பிள்ளைகளின் வயது

பன்னிரண்டு வருடக் காத்திருப்பில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். 21 வயது தாண்டிய, அல்லது கல்யாணம் ஆன பிள்ளை பெற்றோர் விசாவில் வர முடியாது. ஒரு சலுகை உண்டு. ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். தேதி வரும்போது மகளுக்கு 21 வயது 5 மாதம், மனு 8 மாதம் நிலுவையில் இருந்தது என்றால் அவள் வயது 20 வருடம் 9 மாதமாகக் கணக்காகும், வரலாம். அதே மனுவுக்கு பிரீமியம் என்ற கூடுதல் விரைவுக் கட்டணம் கட்டி 15 வேலை நாளில் முடித்திருந்தால் கழிக்க மூன்று வாரம்தான் இருக்கும், வர முடியாது. 2024-ல் 2,805 டாலராக இருந்த அந்த பிரீமியம் கட்டணத்தை ஏஜென்சிகள் பெரிய சலுகைபோலச் சொல்வார்கள். பிரையாரிட்டி டேட் மனு போட்ட நாளோடு உறுதியாகிவிடுவதால், இந்திய வரிசையில் நிற்பவருக்கு வேகமான ஒப்புதல் ஒரு நாளைக்கூட மிச்சப்படுத்தாது. மனுவில் பிழை இருக்கிறதா என்று சீக்கிரம் தெரியும், அவ்வளவுதான்.

காத்திருக்கும் காலத்தில்

மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால் பிரையாரிட்டி டேட் உங்களுடையது. மருத்துவமனை கைமாறலாம், மூடலாம், நீங்களே வேறு இடம் பார்க்கலாம். புதிய ஸ்பான்சர் புதிய ஐ-140 போட்டால் பழைய தேதியை அதில் பொருத்திக்கொள்ளலாம். மோசடி, முக்கியப் பிழை போன்ற காரணங்களால் பழைய மனு ரத்தாகியிருந்தால் மட்டும் அது செல்லாது. ஆகவே ஒப்புதல் நோட்டீஸின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். தர மறுக்கும் ஏஜென்சியோடு ஆரம்பத்திலேயே கறாராக இருங்கள்.

ஒப்புதலுக்குப் பின் விசா ஆவணங்களைக் கவனிக்கும் நேஷனல் விசா சென்டருக்கு மனு போனபின் தொடர்புக்கு எந்த மின்னஞ்சல் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்சி ஊழியரின் மின்னஞ்சல் என்றால் அவர் வேலையை விட்டுப் போனதும் உங்கள் கடிதமும் போச்சு. விசா எண் கிடைத்துவிட்டது என்ற அறிவிப்பு வந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் பதிவையே ரத்து செய்ய விதி உண்டு.

விசா ஸ்கிரீன் சான்றிதழுக்கு அவசரப்பட வேண்டாம். படிப்பு, லைசென்ஸ், ஆங்கிலம் மூன்றையும் சரிபார்த்து சிஜிஎஃப்என்எஸ் தருவது அது (2025-ல் அந்த அமைப்பு டுரூமெரிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது). விசா நேர்காணலுக்குத்தான் அது தேவை, ஐ-140-க்கு அல்ல. ஐந்து வருடம் செல்லும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடமே செல்லும், மொத்தம் 6.5, பேசுவதில் 7 வேண்டும். இன்று மனு போட்டுவிட்டு இன்றே இரண்டையும் முடித்தால், தேதி வருவதற்குள் இரண்டும் காலாவதியாகும். பொது வரிசையில் நிற்கும் இலங்கைக்காரருக்கு இதையெல்லாம் ஒருசேர முடிப்பது சரி. இந்திய வரிசைக்கு அல்ல.

ஐ-140 இருப்பவர் இடையில் அமெரிக்காவுக்குச் சுற்றுலா விசாவோ மாணவர் விசாவோ கேட்டால், "உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா" என்ற கேள்வி விண்ணப்பத்திலேயே வரும். ஆம் என்பதுதான் பதில். அதனால் மறுப்பு வர வாய்ப்பு அதிகம். இல்லை என்று பொய் சொன்னால் நிரந்தரத் தடை வரை போகலாம். பிரிட்டன், அயர்லாந்து, வளைகுடா வேலைகளுக்கு இந்த மனு எந்தத் தடையும் இல்லை. மனுவைப் போட்டுவிட்டு வேறு நாட்டில் சம்பாதித்துக்கொண்டே காத்திருப்பதுதான் பெரும்பாலோர் செய்வது.

நேர்காணலுக்கு முன்

முன்பு வேறொரு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ வசித்திருந்தால், 16 வயதுக்குப் பிறகான அந்தக் காலத்துக்கு அந்த நாட்டுப் போலீஸ் சான்று வேண்டும். சவூதியில் நான்கு வருடம், ஓமானில் இரண்டு வருடம் என்று வேலை பார்த்தவர்கள் நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. ஊருக்கு வந்தபின் அதை வரவழைப்பது தலையால் தண்ணி குடிக்கும் வேலை. பிறப்புச் சான்றிதழில் பெயர் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்ப் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது. நகராட்சியில் பெயர் சேர்க்க வேண்டும். பதிவே இல்லை என்றால் "பதிவு இல்லை" என்ற சான்றும், பள்ளிச் சான்றும் அஃபிடவிட்டும். கல்யாணத்துக்குப் பத்திரிகையும் போட்டோவும் போதாது, பதிவாளர் சான்று வேண்டும். குடியேற்ற விசாக் கட்டணம் ஆளுக்கு 345 டாலர்.

ஏஜெண்டும் ஒப்பந்தமும்

வளைகுடா உட்பட எமிகிரேஷன் கிளியரன்ஸ் (வேலைக்கு வெளிநாடு போக இந்திய அரசின் அனுமதி) தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை 2015-ல் மத்திய அரசு அரசு நிறுவனங்கள் கையில் கொடுத்தது. தமிழ்நாட்டின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும் அதில் ஒன்று. அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லாததால் அங்கே தனியார் ஏஜெண்டுகளின் ராஜ்ஜியம்தான். குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுள்ள ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல அமெரிக்க மருத்துவமனைகள் ஐ-140 கட்டணத்தையும் வக்கீல் செலவையும் தாங்களே ஏற்கின்றன.

அதற்குப் பதிலாக அவர்கள் கேட்பது கால உறுதி. "மூன்று வருடம்" என்று வாயில் சொல்வார்கள், ஒப்பந்தக் காகிதத்தில் 6,240 மணி நேரம் என்று இருக்கும். வாரம் 40 மணி நேரம் என்றால் சரியாக 156 வாரம், மூன்று வருடம். ஆனால் அமெரிக்க வார்டில் வழக்கமான ஷிப்ட் வாரம் மூன்று பன்னிரண்டு மணி நேரம், அதாவது 36. அப்படியானால் 173 வாரம், மூன்று வருடம் நான்கு மாதம். ஓரியன்டேஷன் நேரத்தையும் ஓவர்டைமையும் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்ற வரி இருந்தால் இன்னும் நீளும். நோயாளி குறைவு என்று ஷிப்டை ரத்து செய்தால் அந்த மணி நேரமும் உங்கள் கணக்கில் ஏறாது.

நடுவில் விலகினால் கட்ட வேண்டிய தொகையையும் பாருங்கள். ஃபிலிப்பீன்ஸ் நர்ஸ்கள் தொடுத்த வழக்கு ஒன்றில், 25,000 டாலர் விலகல் அபராதம் வைத்து ஆட்களைப் பிடித்துவைத்தது ஆள்கடத்தல் தடைச் சட்டத்தை மீறிய செயல் என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்தது. அதனால் எல்லா விலகல் தொகையும் செல்லாது என்று ஆகிவிடாது. உண்மையில் ஆன செலவை ஒட்டி, வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வரும் தொகையை நீதிமன்றங்கள் ஏற்க வாய்ப்புண்டு. வேலைக்குச் சேராமலே, அல்லது சேர்ந்த வேகத்தில் விலகுவது வேறு விதத்திலும் ஆபத்து. ஸ்பான்சரிடம் வேலை செய்யும் எண்ணமே இல்லாமல் கிரீன் கார்டு வாங்கினாரா என்ற கேள்வி, ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை கேட்கும்போது மேஜைக்கு வரும்.

வாரம் எத்தனை மணி நேரம் உறுதி, எந்த நேரமெல்லாம் கணக்கில் சேரும், விலகல் தொகை மாதாமாதம் எப்படிக் குறையும் என்ற மூன்றையும் மனு போடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். தேதி வந்து நீங்கள் விமானம் ஏறும்போது, இன்று வீடியோ காலில் வாக்குக் கொடுக்கும் மேலாளர் அந்த மருத்துவமனையிலேயே இருக்க மாட்டார்.